ஓடு உடைஞ்சா ஆர் பொறுப்பு?

சோளகக் காத்துக்கு மாங்கொப்பு முறிந்து, திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் ஓடுகள் நொறுங்கின. வீட்டுக்காரர் காசை அட்வான்ஸில் கழிச்சுப்போட்டார்.

தேசவழமையைப் புரட்டினோம். 1707இல் யாழ்ப்பாணத்து டச்சுத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்தது. ஒற்றி, ஈடு, சீதனம் எல்லாம் இருக்கு. வாடகை வீட்டுச் சேதம் இல்லை. தேசவழமை பேசாத இடத்தில் உரோம-டச்சுச் சட்டம் வரும். அதன்படி வாடகைக்காரரின் பிழையில்லாமல் வந்த சேதம் அவர் தலையில் விழாது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் அவரது செயலாலோ கவனயீனத்தாலோ வீடு பழுதானால்தான் அதைக் காரணம் காட்டி எழுப்ப விடுகிறது.

சட்டம் எங்கட பக்கம்தான். ஆனா வழக்குப் போட்டிட்டு அதே வீட்டில எப்பிடி இருக்கிறது? 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபையில் சட்டத்தரணி வாதாட முடியாது. தீர்ப்பும் இல்லை, இணக்கம் மட்டும்தான். எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.