மார்பகப் புற்றுநோய்த் திசு ஆய்வில் தானியங்கி நுண்ணோக்கிப் படமாக்கம்

மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த திசுவின் ஸ்லைடை இயந்திரமே நகர்த்திப் படமெடுத்து, அதிலுள்ள செல்களைக் கணினி நிரலால் இனங்கண்டு, எண்ணி, அளந்து, நோய்க்குறியியல் மருத்துவருக்கு உதவும் முறை. மருத்துவரின் கண்ணுக்குச் சோர்வு தரும் எண்ணிக்கை வேலையை இயந்திரம் ஏற்கிறது. நோயைப் பெயரிட்டு அறிக்கையில் கையெழுத்திடுபவர் மருத்துவரே.

சாயமும் ஸ்லைடும்

பயாப்சியில் எடுத்த சதைத்துண்டு ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் பதிந்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு தடிமனுள்ள சீவலாக வெட்டப்படுகிறது. அந்தச் சீவல் ஏறக்குறைய நிறமற்றது. மெக்சிகோவின் காம்பீச்சே மரத்தின் வைரத்திலிருந்து கிடைக்கும் ஹீமாடாக்சிலின், செல்லின் உட்கருவை நீலஊதாவாக்கும். ஈயோசின் மற்றப் பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். 1870களில் ஒன்று சேர்ந்த இந்த இரட்டைச் சாயத்தில்தான் இன்றும் பெரும்பாலான ஸ்லைடுகள் தயாராகின்றன. அத்தகைய ஸ்லைடுகளில் மருத்துவர் பார்ப்பதும் கணினி பார்ப்பதும் இந்த இரண்டு நிறங்களையே.

தரம்பிரித்தல்

புற்றுநோய் என்று சொல்வதோடு மருத்துவரின் வேலை முடிவதில்லை. அது எவ்வளவு மூர்க்கமானது என்றும் சொல்ல வேண்டும். இதற்கான அளவுகோலை 1928இல் பேட்டி, ஸ்கார்ஃப் இருவரும் தொடங்கிவைத்தனர். 1957இல் புளூம், ரிச்சர்ட்சன் இருவரும் அதற்கு மதிப்பெண் முறை வகுத்தனர். 1991இல் எல்ஸ்டன், எல்லிஸ் இருவரும் திருத்தி அமைத்த வடிவம் நாட்டிங்ஹாம் முறை எனப்படுகிறது. செல்கள் எந்த அளவுக்குக் குழாய்போல் அடுக்கி நிற்கின்றன, உட்கரு எவ்வளவு உருமாறியிருக்கிறது, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்ற மூன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 3–5 என்றால் முதல் தரம், 6–7 இரண்டாம் தரம், 8–9 மூன்றாம் தரம்.

பிரியும் செல்லும் மடியும் செல்லும் சில வேளைகளில் ஒன்றுபோலவே தெரியும். உட்கருவின் உருமாற்றத்தை ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 3 என்பார். நுண்ணோக்கிக்கு நுண்ணோக்கி பார்வைப் புலத்தின் பரப்பும் மாறுவதால், எண்ணிக்கைக்கான வரம்பையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இயந்திரத்தின் தேவை இந்த இடத்தில்தான் பிறந்தது.

எண்ணும் பொறிகள்

செல்லைத் தானே பார்க்கும் கருவிக்கான முயற்சி கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில் தொடங்கியது. 1950களில் அமெரிக்காவில் உருவான ‘சைட்டோஅனலைசர்’, ஒன்றன்மேல் ஒன்று படிந்த செல்களையும் தூசையும் பிரித்தறிய முடியாமல் தோற்றது. 1980களில் ஜேம்ஸ் பாக்கஸ் உருவாக்கிய சி.ஏ.எஸ். கருவிகள், சாயமேறிய செல்களில் டி.என்.ஏ. அளவையும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளையும் அளந்தன.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் வில்லியம் வோல்பர்க், நிக் ஸ்ட்ரீட், ஓல்வி மங்கசாரியன் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் வேறு வழியில் சென்றனர். மார்பகக் கட்டிகளிலிருந்து மெல்லூசியால் உறிஞ்சிய செல்களைப் படமெடுத்து, உட்கருவின் ஆரம், சுற்றளவு, சமச்சீர்மை முதலான 30 அளவுகளைக் கணித்தனர். 569 நோயாளிகளின் தரவு அதில் இருந்தது: 357 சாதாரணக் கட்டிகள், 212 புற்றுக்கட்டிகள். இயந்திரக் கற்றல் பயிலும் பொறியியல் மாணவர்கள் பலரும் முதல் பயிற்சியாகக் கையில் எடுப்பது இந்தத் தரவுத்தொகுப்பையே.

1998இல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஹெர்2 புரதம் மிகுந்த கட்டிகளுக்கே அது பயன்படும் என்பதால், ஸ்லைடில் அந்தப் புரதத்தைக் காட்டும் பழுப்புச் சாயத்தை 0, 1+, 2+, 3+ என மதிப்பிடுவது சிகிச்சையையே தீர்மானிக்கலாயிற்று. சாயத்தின் அடர்த்தியை அளக்கும் நிரல்களுக்கு அதனால் தேவை கூடியது.

ஸ்லைடு படமாதல்

நுண்ணோக்கிக் காட்சி தொலைவுக்குப் போனது 1968இல். பாஸ்டன் விமான நிலைய மருத்துவ மையத்திலிருந்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிவழி ஸ்லைடுகள் காட்டப்பட்டன. ‘தொலைநோயியல்’ என்ற பொருள் தரும் ‘டெலிபேத்தாலஜி’ என்ற சொல்லை 1986இல் ரொனால்டு வைன்ஸ்டைன் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். முழு ஸ்லைடையும் பகுதி பகுதியாகப் படமெடுத்து ஒட்டுப்போடும் கருவியைப் பாக்கஸ் 1994இல் கொண்டுவந்தார்.

பதினைந்து மில்லிமீட்டர் சதுரத் திசுவை ஒரு பிக்சலுக்குக் கால் மைக்ரான் என்ற கணக்கில் படமெடுத்தால், பக்கத்துக்கு 60,000 பிக்சல், மொத்தம் 360 கோடி பிக்சல் வரும். சுருக்காமல் வைத்தால் 10 ஜி.பி.க்கு மேல். சேமிப்புச் செலவு குறையும்வரை இந்தத் தொழில்நுட்பம் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. முதன்மை நோயறிதலுக்கு முழு ஸ்லைடு படத்தைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதன்முதலில் அனுமதித்தது 2017 ஏப்ரலில்தான். ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் கருவி அது.

கற்கும் நிரல்கள்

2011இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘சி-பாத்’ நிரல், மார்பகப் புற்றுத் திசுவில் 6,642 கூறுகளை அளந்தது. புற்றுச் செல்களைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவின் தோற்றமும் நோயாளியின் ஆயுளோடு தொடர்புடையது என்று அது காட்டியது. நாட்டிங்ஹாம் அளவுகோலில் அந்தத் திசுவுக்கு மதிப்பெண்ணே இல்லை.

நிணநீர்க் கணுக்களில் புற்று பரவியிருப்பதைக் கண்டுபிடிக்க நெதர்லாந்தில் நடத்தப்பட்ட ‘கேமலியான்16’ போட்டியின் முடிவுகள் 2017இல் வெளியாயின. நேரக் கட்டுப்பாட்டோடு 129 ஸ்லைடுகளைப் பார்த்த 11 மருத்துவர்களைவிடச் சிறந்த நிரல் முந்தியது. நேரக் கட்டுப்பாடின்றிப் பார்த்த மருத்துவருக்கோ ஏறக்குறைய இணையாக நின்றது.

இந்தியப் பங்கு

ஒரே திசுவை இரண்டு ஆய்வகங்கள் சாயமேற்றினால் நிறம் வேறுபடும். ஓர் ஆய்வகத்தின் படங்களில் பயின்ற நிரல் மற்றோர் ஆய்வகத்தின் ஸ்லைடில் தடுமாறும். 2016இல் அபிஷேக் வஹதானேயும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட நிறச் சீராக்க முறை இதற்கு ஒரு தீர்வு. அது உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 2017இல் நீரஜ் குமார், அமித் சேத்தி உள்ளிட்ட குழுவினர், மார்பகம் உட்பட ஏழு உறுப்புகளின் 30 படங்களில் 21,000க்கும் மேற்பட்ட உட்கருக்களின் எல்லைகளைக் கையால் வரைந்த தரவுத்தொகுப்பைப் பொதுவில் வைத்தனர். 2018இல் அதன் அடிப்படையில் பன்னாட்டுப் போட்டியும் நடந்தது. படங்கள் அமெரிக்கத் தொகுப்பு ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருகிறது. இந்தியப் பெண்களிடையே இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022க்கு மதிப்பிட்ட புதிய நோயாளிகள் ஏறத்தாழ 1.92 லட்சம் பேர்.

மலைப்பகுதியும் படமாக்கமும்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை, நாடுகளாகப் பகுக்கப்பட்ட பழங்குடிப் பகுதி. அறப்பளீஸ்வரர் கோயில் அமைந்த வளப்பூர் நாடு அவற்றுள் ஒன்று. அங்கிருந்து காரவள்ளி வழியாகச் சமவெளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அடிவாரத்துக்கு அப்பால் நாமக்கல்லில் 2022இலும் சேலத்தில் 1986இலும் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. படமாக்கம் இத்தகைய ஊர்களுக்குத் தரக்கூடியது இரண்டாம் கருத்து: சமவெளியில் ஸ்கேன் செய்த ஸ்லைடைச் சென்னையிலோ வேலூரிலோ உள்ள நிபுணர் அன்றே பார்க்கலாம், அதற்காக நோயாளி மறுபடி மலையிறங்கத் தேவையில்லை.

இயந்திரத்தால் ஈடுசெய்ய முடியாத பகுதி ஸ்லைடுக்கு முந்தையது. ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 சோதனைகளுக்கான வழிகாட்டுதல்களின்படி, உடலிலிருந்து எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் இறங்க வேண்டும். அதில் 6 முதல் 72 மணி நேரம் வரை ஊற வேண்டும். இந்தக் கணக்கு பிசகிய திசுவில் சாயம் பொய் சொல்லும். அதைப் படமெடுக்கும் ஸ்கேனர் அந்தப் பொய்யையே துல்லியமாகப் பதிவுசெய்யும்.