ஓஎஸ் போடும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கா? எந்த இடத்தில் ஆகுதுன்னு பாருங்க

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஹிஞ்சவாடி, வாகட் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நீங்களும் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 போட உட்கார்ந்திருக்கலாம். அது பாதியில் ரீஸ்டார்ட் ஆகி, மறுபடியும் ரீஸ்டார்ட் ஆனால், புது ரேம் வாங்க உடனே புத்வார் பேட் தப்கீர் கல்லிக்கு ஓட வேண்டாம்.

இன்ஸ்டால் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் ஆவது இயல்புதான். ஆனால் ஃபைல்கள் காப்பியாகி ரீஸ்டார்ட் ஆனதும், மொழியைக் கேட்கும் முதல் திரையே திரும்ப வருகிறதா? பெரும்பாலும் எதுவும் பழுதாகியிருக்காது. உள்ளே இருக்கும் டிஸ்க்கை விட்டுவிட்டு, பென் டிரைவிலிருந்தே மறுபடி பூட் ஆகிறது, அவ்வளவுதான். முதல் ரீஸ்டார்ட்டில் திரை கறுப்பானதும் பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் பயாஸில் பூட் வரிசையை மாற்றுங்கள்.

ஒருமுறை 20 சதவீதத்தில், அடுத்த முறை 70-ல் என்று இடம் மாறி மாறி விழுந்தால்தான் ஹார்டுவேரைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு முயற்சி செய்யுங்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம். பென் டிரைவிலிருந்தே ஓடும். அதில் ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள். பேட்டரி செத்துப்போய், லூசான சார்ஜர் பின்னை நம்பி ஓடும் லேப்டாப்பும் இப்படித்தான் விழும். தூசி அடைத்த ஃபேனும் காரணமாகலாம்.

எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், பென் டிரைவில் உள்ள ஃபைல் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள வேறொரு பென் டிரைவில் போடுங்கள். டிபிஎம் 2.0 இல்லாததுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது இல்லையென்றால் செட்டப் ‘இதில் முடியாது’ என்று சொல்லி நின்றுவிடும்.

பார்ட்டிஷனை அழிக்கும் முன் ஒரு நிமிஷம். உபுண்டுவை பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே திறந்தால், டிஸ்க்கில் உள்ள படங்களையும் சான்றிதழ்களையும் வெளியே எடுத்துவிடலாம். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பயாஸில் கைவைத்தாலும் கேட்கலாம். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். போனில் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி லேப்டாப் என்றால் இதில் எதையும் செய்யாதீர்கள். ஐடி டீமுக்கு டிக்கெட் போடுங்கள்.