ஓலையும் மின்னேடும்

நோயைத் தீர்ப்பது மருந்து; மருந்துக்கு வழிகாட்டுவது நோயின் வரலாறு. முன்பு வந்த பிணி யாது, கொடுத்த மருந்து எது, உடலுக்கு ஒவ்வாமற் போனது எது என்பவற்றை அறிந்த வைத்தியரே தயக்கமின்றிச் சிகிச்சை செய்ய இயலும். பிறந்த ஊரிலேயே வாழ்பவருக்கு அவ்வரலாற்றைக் குடும்ப வைத்தியர் நினைவில் வைத்திருப்பார். பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நமக்கு அவ்வசதி இல்லை. ஊர் மாறும்போது வைத்தியரும் மாறுகிறார், மொழியும் மாறுகிறது. ஆதலின் நோயாளரைப் பற்றிய குறிப்பு எவ்வாறு எழுதப்படுகிறது, எங்கே வைக்கப்படுகிறது, யார் கைக்கு எட்டுகிறது என்னும் வினாக்கள் நமக்கு மிக நெருக்கமானவை. இவற்றுக்குக் கொச்சித் துறைமுகத்தின் வரலாறு நல்லதொரு விளக்கம் தருகிறது.

1663ஆம் ஆண்டு டச்சுக்காரர் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றினர். சில ஆண்டுகளுக்குப் பின் அங்கே டச்சுக் கம்பெனியின் தலைவராக இருந்த வான் ரீட் என்பவர் மலையாள நாட்டு மூலிகைகளைத் தொகுக்கத் தொடங்கினார். சேர்த்தலைக்கு அருகிலுள்ள கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், இரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் அவருக்குத் துணை நின்றனர். கொங்கணியர் திரளாக வாழ்ந்த இடம் மட்டாஞ்சேரி. அவர்களுடைய திருமலைத் தேவஸ்வம் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. இட்டி அச்சுதன் தம் நூலில் கண்டவற்றையும் அனுபவத்தில் தெளிந்தவற்றையும் எடுத்துரைக்க, துபாஷி ஒருவர் அவற்றைப் போர்த்துகீசிய மொழியில் எழுதினார். பின்னர் அவை லத்தீனுக்குச் சென்றன. 'ஹோர்த்தூஸ் மலபாரிகூஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சேறியது.

அந்நூல் மருந்துச் செடிகளின் ஏடே தவிர, நோயாளரின் குறிப்பேடு அன்று. ஆயினும் மருத்துவ அறிவு ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் செல்லும்போது கடைப்பிடிக்க வேண்டிய முறைகளை அதிலே காணலாம். செடியின் படத்தோடு அதன் பெயர் லத்தீன், மலையாளம், அரபு, நாகரி ஆகிய எழுத்துக்களில் பொறிக்கப்பட்டது. எந்த நாட்டார் எந்தப் பெயரால் அழைத்தாலும் பொருள் ஒன்றே என்பது அதனால் உறுதியாயிற்று. செய்தியைத் தந்த வைத்தியர்கள் தத்தம் எழுத்திலேயே சான்று அளித்தனர். இட்டி அச்சுதனுடைய சான்று 1675ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாளிட்டது. சொன்னவர் யார், சொன்ன நாள் எது என்பது முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குத் தெரிகிறது. இன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் பலவற்றில் எழுதிய டாக்டரின் பெயரையே படிக்க இயலவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் அருமை விளங்கும்.

கொச்சி கற்பிக்கும் மற்றொரு பாடம் எல்லையைப் பற்றியது. 1795ஆம் ஆண்டில் கோட்டைக் கொச்சி ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் மலபார் ஜில்லாவோடு சேர்ந்து சென்னை மாகாணத்தின் பகுதியாக விளங்கியது. அதை அடுத்திருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. சிறிது தூரம் நடந்தால் அரசாங்கமே வேறு, அலுவலகமும் வேறு. 1956ஆம் ஆண்டில் கேரள மாநிலம் அமைந்தபோது இவ்விரு பகுதிகளும் ஒரே மாநிலத்துள் வந்தன. 1967ஆம் ஆண்டில் எர்ணாகுளத்துடன் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. கொச்சி டச்சுக்காரரின் பழைய ஆவணங்கள் இன்றும் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொச்சியின் கடந்த காலத்தை ஆராய்வோர் சென்னைக்கு வரவேண்டியிருக்கிறது. ஆட்சியின் வழியே ஏடு செல்லும் என்பதற்கு இது தக்க சான்று. ஆட்சியாளருக்கு இது பொருந்தலாம். நோயாளரின் ஏடோ நோயாளரின் வழியே செல்ல வேண்டியது.

மேல்நாடுகளிலும் இந்த எண்ணம் மெல்லவே தோன்றியது. அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் முன்பு ஒவ்வொரு டாக்டரும் தமக்கெனத் தனிப் பேரேடு வைத்திருந்தார். 1907ஆம் ஆண்டில் பிளம்மர் என்னும் டாக்டர் நோயாளருக்கு ஓர் எண் கொடுத்து, அவரைப் பற்றிய குறிப்புகள் யாவற்றையும் ஒரே உறையில் சேர்க்கும் முறையைக் கொண்டு வந்தார். அதுவரை டாக்டரைச் சார்ந்திருந்த ஏடு, அன்று முதல் நோயாளரைச் சார்ந்ததாயிற்று. பின்னர் வந்த கணிப்பொறி முறைகளுக்கு இதுவே அடிப்படை.

நம் நாட்டில் இந்திய மருத்துவக் கழகம் 2002ஆம் ஆண்டில் வகுத்த விதிகள், உள்நோயாளரின் குறிப்புகளை மூன்று ஆண்டுகள் காக்கவேண்டும் என்றும், நோயாளர் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்றும் கூறுகின்றன. அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றவும் முயலவேண்டும் என்று அவ்விதிகளே சொல்கின்றன. மின்னேட்டிற்கான பொதுத் தரமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2016ஆம் ஆண்டில் திருத்தியது. கேரள அரசாங்கம் 2018ஆம் ஆண்டு ஜனவரியில் 'இ-ஹெல்த்' திட்டத்தைத் தொடங்கியது. இதில் பதிந்துகொள்பவருக்கு ஓர் எண் கிடைக்கிறது. திட்டத்தில் சேர்ந்த அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் எழுதப்பட்ட நோய்க்குறிப்பு, சோதனை முடிவு, மருந்து ஆகியவற்றை மற்றோர் ஆஸ்பத்திரியின் டாக்டர் காண வழி உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெருவெள்ளம் வந்து வீடுகளிலிருந்த காகிதங்களையெல்லாம் அழித்தது. இழந்த சான்றிதழ்களை மீண்டும் வழங்க அரசாங்கம் தனி முகாம்கள் நடத்த நேர்ந்தது. பையில் கட்டி வைத்த காகிதம் எத்துணை நிலையற்றது என்பதை அவ்வெள்ளம் காட்டிற்று.

பெயர்களை ஒன்றுபடுத்துவதில் இன்றைய மின்னேடும் கொச்சி ஏட்டின் நெறியையே பின்பற்றுகிறது. நாம் சர்க்கரை நோய் என்பதை மலையாளிகள் பிரமேகம் என்பர். நம் மஞ்சள் காமாலை அங்கே மஞ்ஞப்பித்தம் ஆகிறது. மொழி தெரியாத டாக்டரிடம் நோயாளர் தடுமாறும்போது, நோயின் பெயரைச் சர்வதேசக் குறியீட்டால் பதிந்த ஏடு அவருக்காகப் பேசும். பல தலைமுறைகளுக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து சென்று, கோட்டைக் கொச்சியின் சலவைத் துறையில் தொழில் செய்துவரும் குடும்பங்களுக்கு மலையாளம் பழகிவிட்டது. நேற்றுச் சென்ற கட்டடத் தொழிலாளிக்கு அது பழகவில்லை. அவருக்கே இந்த ஏடு முதலில் வேண்டும்.

ஆயினும் மின்னேட்டிலும் ஆபத்து உண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பரில் தில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கணிப்பொறிகளைத் தாக்கி முடக்கினர். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அங்கே காகிதத்தில் எழுதியே வேலை நடந்தது. ஓலையைத் திருடுபவன் ஒரு வீட்டின் செய்தியைத் திருடுவான். மின்னேட்டில் புகுபவன் பல்லாயிரம் பேரின் அந்தரங்கத்தை ஒரே நாளில் அறிவான். நோயை மறைக்க விரும்புவோர் நம்மிடையே உண்டு. அதனால் வேலை போய்விடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அவ்வச்சம் வீண் என்று தள்ளிவிட முடியாது. 2021ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மின் சுகாதாரத் திட்டம் ஒவ்வொருவருக்கும் பதினான்கு இலக்க எண் தருகிறது. அதைப் பெறுவது அவரவர் விருப்பம். குறிப்பைப் பிறருக்குக் காட்டவும் நோயாளரின் சம்மதம் தேவை. விதியில் எழுதிய இச்சம்மதம் ஆஸ்பத்திரி வாசலிலும் உண்மையாகக் கேட்கப்பட வேண்டும். புரியாத மொழியில் அச்சடித்த தாளில் கைந்நாட்டு வாங்குவதைச் சம்மதம் என்று கொள்ளலாகாது.

ஆகவே எண்ணைப் பெறுவோம். எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதையும் கேட்டு அறிவோம். ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும்போது சுருக்கக் குறிப்பின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குவோம். ஒவ்வாத மருந்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வீட்டில் வைத்திருப்போம். தம் சொல்லுக்குத் தம் எழுத்திலேயே சான்று தந்தார் இட்டி அச்சுதன். நம் உடலின் வரலாற்றை எந்த ஏட்டில் எழுதினாலும், அது நாம் அறிந்து இசைந்த சான்றாகவே இருத்தல் வேண்டும்.