பிளைவுட் பலகை இணைப்பு (சிறு படகுகள்)

சிறு மரப்படகு கட்டுகையில் பிளைவுட்டை இரண்டு இடங்களில் இணைக்க வேண்டும்: நீளம் போதாதபோது முனையோடு முனையாக, அடிப்பலகையும் பக்கப்பலகையும் சந்திக்கும் விளிம்பில் கோணமாக. சென்னைக் கடைகளில் வழக்கமான ஷீட் எட்டுக்கு நாலு அடி. அமெரிக்கரான கிளார்க் மில்ஸ் 1947-இல் சிறுவர்களுக்காக வரைந்த ஆப்டிமிஸ்ட் பாய்மரப் படகு எட்டடிக்குள் அடங்கிவிடுவதால் முதல் தொல்லை அதற்கு இல்லை. பன்னிரண்டடிப் படகென்றால் ஒட்டுப்போடாமல் தீராது.

மரைன் பிளை என்று கேட்டு வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரையைப் பார்க்க வேண்டும். அந்தத் தரச் சோதனையில் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பலகையின் பசை விடக்கூடாது. மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் இந்தப் பலகை கடலைப் பார்ப்பதில்லை. சமையலறைத் தொட்டிக்கடியில் அலமாரியாகிவிடுகிறது.

நீள இணைப்பில் உறுதியானது சாய்விணைப்பு. இரு முனைகளையும் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்றைப் படியவைத்து ஒட்டுவார்கள். சரிவின் நீளம் பலகைக் கனத்தைப்போல் எட்டு மடங்காவது இருக்க வேண்டும், 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. பலகைகளைப் படிப்படியாகப் பின்தள்ளி அடுக்கி, எல்லா முனைகளையும் ஒரே தடவையில் இழைப்புளியால் சீவுவது வழக்கம். சரிவு நேராக வருகிறதா என்பதைப் பலகையே காட்டிக்கொடுக்கும்: அடுக்குகளுக்கு நடுவிலுள்ள பசை, சீவிய முகத்தில் கோடுகளாகத் தெரியும். கோடு வளைந்தால் அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது. ஒட்டும்போது கிளாம்பை மிதமாக இறுக்கினால் போதும். முறுக்கிப் பிழிந்தால் எபாக்ஸிப் பசை வெளியேறி இணைப்பு வறண்டுவிடும்.

பொறுமை இல்லாதவர்கள் முனைகளை முட்டவைத்து, பின்புறம் ஒரு பிளைவுட் துண்டை ஒட்டிவிடுகிறார்கள். தாங்கும்தான். ஆனால் வளைந்து செல்லும் பக்கப்பலகையில் அந்த இடம் மட்டும் தட்டையாக நின்று கண்ணை உறுத்தும்.

சென்னை வெயிலில் எபாக்ஸி கிண்ணத்திலேயே சூடேறி இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலத் தட்டில் பரப்ப வேண்டும். புழுக்கத்தில் சிலவகை எபாக்ஸிமேல் பிசுபிசுப்பான படலம் படியும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது.

விளிம்புகளுக்குத் தைத்து ஒட்டும் முறை. பாரி பக்னல், ஜாக் ஹோல்ட் இருவரும் வடிவமைத்து 1963-இல் பிரிட்டனில் வெளிவந்த மிரர் படகு இதைப் பரப்பியது. விளிம்போரம் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டின்மேல் கண்ணாடியிழை நாடா வைத்துப் பிசின் பூசுவார்கள். பிசின் இறுகியதும் கம்பிக்கு வேலையில்லை.

சோழமண்டலக் கரைக்குத் தையல் புதிதல்ல. துறைமுகம் கட்டப்படுமுன் மதராஸ் அலைகளைத் தாண்டிக் கப்பல்களுக்கு ஆளையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகின் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. பலகைகளின் சந்தில் திணிப்பு வைத்து, அதன்மேல் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். உள்ளே சட்டம் கிடையாது. மணலில் மோதும்போது உடல் நெகிழ்ந்துகொடுத்ததால் படகு தப்பியது. மிரர் படகுக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை. அது ஒட்டி இறுகிய கூடு.

கட்டுமரத்துக்கேற்ற பெருமரம் அருகி விலையேறிய 1980களின் தொடக்கத்தில், தைத்து ஒட்டிய பிளைவுட் மீன்பிடிப் படகுகள் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்திலும் கேரளக் கரையிலும் கட்டப்பட்டன. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்கென்றே பட்டறைகள் நடத்தியது. ஆனால் சென்னையில், மயிலாப்பூரை அடுத்த நொச்சிக்குப்பத்திலும் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் இன்று கரையேறி நிற்பவை பெரும்பாலும் அச்சில் வார்த்த ஃபைபர் படகுகள்.