வீடு மாறினால் முகவரியும் மாற வேண்டும்

தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோகிறவர்கள் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சத் தவறுவதில்லை. ஆனால், அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரி பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிடுகிறது.

மலேசியாவில் முகவரி மாறிய 30 நாள்களுக்குள் தேசியப் பதிவிலாகாவுக்குத் தெரிவித்து, மைகார்டில் புதிய முகவரியைப் பதிய வேண்டும் என்பது விதி.

வாக்குரிமையும் இதனோடு சேர்ந்ததுதான். 2021 டிசம்பர் 15 முதல், 18 வயதானவர்கள் தானாகவே வாக்காளராகப் பதிவு பெறுகின்றனர். அவர்கள் எந்தத் தொகுதி என்பதை மைகார்டு முகவரியே முடிவு செய்கிறது. ஏற்கெனவே வாக்காளராக உள்ளவர்களுக்கு மைகார்டை மாற்றினால் மட்டும் தொகுதி மாறாது. தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால், குடியிருக்கும் இடத்தின் குறைகளைப் பேச வேண்டிய மக்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதில் நமக்குப் பங்கில்லை. வாக்களிக்கவும் பழைய இடத்துக்கே போக வேண்டும்.

அடுத்தது மின்சாரம். பழைய வீட்டின் தெனாகா நேஷனல் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் அதை முடித்துவிடுங்கள். பாக்கி போக, வைப்புத் தொகை திரும்பக் கிடைக்கும். முடிக்காவிட்டால், அடுத்துக் குடிவருபவரின் கட்டணமும் உங்கள் பெயரிலேயே ஏறும். சாவியை ஒப்படைக்கும் முன் மீட்டர் அளவைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.