வீட்டுப் பல்லி: ஓர் உள்ளறை ஆய்வு

1. எல்லை

ஆய்வுக் களம், சென்னையில் நான் குடியிருக்கும் இரண்டு அறை வாடகை வீடு. ஆய்வுப் பொருள், ஹெமிடாக்டைலஸ் பேரினத்தைச் சேர்ந்த வீட்டுப் பல்லி. பல்லி நமக்கு என்ன சொல்கிறது என்றே இதுவரை கேட்டு வந்திருக்கிறோம். அதற்கென்று சொந்த ஜோலி உண்டா என்று விசாரித்தவர் குறைவு. அந்தக் குறையை என் செலவில் தீர்க்க முயன்றிருக்கிறேன்.

2. சொல்

சகுனம் பழையது. நற்றிணை 98ஆம் பாட்டில் தினைப்புனத்துக்கு மேயப் போன காட்டுப்பன்றி, பல்லிச் சத்தம் கேட்டதும் திரும்பிவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. உறவினர் ஒருவர் ரூ.10,000 கைமாற்றுக் கேட்டு, "மாசக் கடைசியில கொடுத்துடறேன் மாப்ளே" என்றார். ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து 'டிக் டிக் டிக்'. "பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு!" கொடுத்தேன். இரண்டு வருஷம் ஆகிறது. ஆண் பல்லி கத்துவது பெரும்பாலும் இன்னொரு பல்லியிடம் 'இது என் இடம்' என்று சொல்லத்தான் என்று பிறகு படித்தேன். பன்றிக்கு இருந்த சுதாரிப்பு எனக்கு இல்லை.

3. வீழ்ச்சி

3.1 கோட்பாடு

பல்லிக் காலில் பசை கிடையாது. விரலடியில் கண்ணுக்குத் தெரியாத மயிர்க்காடு இருக்கிறது. ஒவ்வொரு மயிரின் நுனியும் பலவாகப் பிரிந்து, வாண்டர்வால்ஸ் விசையால் சுவரைப் பிடிக்கிறது. 2002இல் ஆய்வாளர்கள் இதற்குச் சான்று காட்டினார்கள். காய்ந்த டெஃப்லானில் பிடி கிடைக்காது. எங்கள் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் ஒன்று ஓடின இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததன் காரணம் இதுதான்.

3.2 நிகழ்ச்சி

இரண்டு பல்லிகள் கட்டிப் புரண்டால் எந்த விசையும் நிற்காது. அப்படி உத்தரத்திலிருந்து வந்த ஒன்று, காபி குடித்துக்கொண்டிருந்த அத்தையின் உச்சந்தலையில் இறங்கியது. டம்ளர் ஒரு பக்கம், டபரா ஒரு பக்கம். மாமா பலன் பார்க்க ஓடினார். தினசரி காலண்டரின் பின் அட்டையில்தானே பல்லி விழும் பலன் அச்சடித்திருக்கும்! ஆணியிலிருந்து கழற்றித் திருப்பி, "தலை... கலகம்" என்று வாசித்தார். அந்த அட்டையிலேயே குடியிருந்த மூன்றாவது பல்லி அவர் கை வழியாகச் சட்டைக்குள் போனது. முதுகுக்கு என்ன பலன் என்று படிக்க அங்கே யாருக்கும் நிதானம் இல்லை. கலகம் முழுமையாகப் பலித்ததை மட்டும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

4. வால்

துடைப்பம் பட்டதும் வாலை உதறிவிட்டுப் போகும். வால் துள்ளும், எதிரி வாலைப் பார்ப்பான், பல்லி தப்பும். புதிதாக முளைக்கும் வாலில் முள்ளெலும்பு இராது, குருத்தெலும்புத் தண்டுதான். இந்த உத்தி பூனையை ஏமாற்ற உருவானது என்பார்கள். எங்கள் வீட்டில் பூனை இல்லை. வாலைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்.

5. விரட்டல்

முட்டை ஓடு தொங்கவிட்டோம், பயனில்லை. மயிலிறகு மாட்டினால் ஓடிவிடும் என்றார் எதிர்வீட்டு அக்கா. மாட்டினோம். இறகின் கண் மேலேயே உட்கார்ந்து, விளக்குக்கு வரும் பூச்சிகளை ஒரு பல்லி பிடித்துத் தின்றது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க இறகை எடுத்தபோது பின்னால் இரண்டு வெள்ளை முட்டைகள். அந்த ஒரு சாண் சுவருக்கு மட்டும் இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: ராத்திரி ஜன்னலைச் சாத்தும்போது கீல் இடுக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சாத்துங்கள். அங்கே ஒன்று இருக்கும்.