அடக்குதலும் பழக்குதலும்: ஹாரீதிக்கு இட்ட சோறு

ரோல்பிளேயிங் விளையாட்டுகளை ஆடியவர்கள் இக்காட்சியை அறிவர். மனித முகமும் பாம்புடலும் கொண்ட கொடிய உயிர் ஒன்று எதிர்ப்படுகிறது. ஆடுபவர் வசிய மந்திரத்தைச் சொல்கிறார்; பகடை உருள்கிறது; எண் சாதகமாக விழுந்தால் அவ்வுயிர் பணிந்து அவருடைய ஏவலாளாகிவிடுகிறது. 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிலேயே இத்தகைய மந்திரம் உண்டு. 1977இல் அதற்கென வெளியான 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் கையேட்டில் நாகரும் இராக்கதரும் இடம்பெற்றனர். இரண்டும் இந்தியாவிலிருந்து சென்ற பெயர்கள். பெயர்கள் சென்றன, அத்தகைய உயிர்களை இந்நிலம் பழக்கிய முறை உடன் செல்லவில்லை. அம்முறையைப் பற்றியதே இப்பதிவு.

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீனத் துறவி பாகியான், இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள சங்கிசாவில் ஒரு மடாலயத்தைக் கண்டார். வெள்ளைக் காதுடைய நாகம் ஒன்று அங்கே குடியிருப்பதாகவும், பருவமழையும் விளைச்சலும் அதன் கொடை என்றும் நம்பப்பட்டது. துறவியர் அதற்குத் தனி இல்லம் எழுப்பி, இருக்கை அமைத்து, நாள்தோறும் உணவு படைத்தனர். மழைக்காலத் தங்கல் முடிவுறும்போது அது சிறு பாம்பாக உருமாறித் தோன்றும். அதைச் செப்புக் கலத்தில் இட்டு, மூத்த துறவி தொடங்கி இளையவர் வரை அனைவரிடமும் கொண்டுசெல்வர் என்று அவர் எழுதுகிறார். இங்கே மந்திரமும் இல்லை, பகடையும் இல்லை. விருந்தோம்பல் மட்டுமே உள்ளது.

இதனினும் ஆழமானது ஹாரீதியின் கதை. மூலசர்வாஸ்திவாத விநய நூல் கூறும் வடிவம் இது. பீகாரின் இராசகிருக நகரில் வாழ்ந்த இயக்கி அவள். ஐந்நூறு மக்களைப் பெற்றவள். நகரத்துக் குழந்தைகளைக் கவர்ந்து தின்றாள். புத்தர் அவளுடைய கடைசி மகனைத் தம் பிச்சைப் பாத்திரத்தின்கீழ் மறைத்துவைத்தார். அவள் பித்துப்பிடித்தவள்போல் எங்கும் தேடி அலைந்து, இறுதியில் அவரிடம் வந்தாள். ஐந்நூற்றுவரில் ஒருவனை இழந்த உனக்கே இத்துயரென்றால், ஒரே பிள்ளையை இழந்த தாயின் நிலை என்ன என்று அவர் வினவினார். அவள் மனம் மாறினாள். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது: இனி நானும் என் மக்களும் எதை உண்போம்? மடாலயங்கள்தோறும் உணவு வேளையில் உங்களுக்குப் பங்கு வைக்கப்படும் என்று வாக்களித்தார் புத்தர்.

அந்நூல் இத்துடன் நிற்பதில்லை. அவளது முற்பிறப்பையும் சொல்கிறது. அவள் ஆயர் ஒருவரின் மனைவி, கருவுற்றிருந்தவள், மோர் விற்க வந்தவள். திருவிழாக் கூட்டம் அவளை ஆட அழைத்தது. ஆடினாள், கரு கலைந்தது. அழைத்தவர்கள் அவளை அங்கேயே விட்டுவிட்டுச் சோலைக்குப் போய்விட்டனர். இந்நகரின் பிள்ளைகளைத் தின்பேன் என்ற சூளுரை அக்கணத்தில் பிறந்தது. மறுபிறப்பில் அவளுக்கு இடப்பட்ட பெயர் 'மகிழ்ச்சி' என்னும் பொருளுடையது. 'கவர்பவள்' எனப் பொருள்படும் ஹாரீதி என்ற பெயர், பிள்ளைகளை இழந்த ஊர் பின்னர் வைத்தது. ஊர் அஞ்சிய கொடுமையின் வேர் அவ்வூரின் அலட்சியத்திலேயே இருந்தது.

இவ்வாக்குறுதி ஏட்டளவில் நின்றதன்று. 671 முதல் 695 வரை பயணம் மேற்கொண்ட இட்சிங், இந்திய மடாலயங்களின் வாயிலிலோ உணவுக்கூடத்தின் மூலையிலோ, கையில் குழந்தையும் முழங்காலருகே சில குழந்தைகளுமாக ஹாரீதியின் உருவம் இருந்ததையும், அதன்முன் நாள்தோறும் உணவு படைக்கப்பட்டதையும் பதிவுசெய்தார். மேற்குறித்த விநய நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. அஜந்தாவின் இரண்டாம் குகைக்குச் செல்பவர்கள் கருவறையின் பக்கத்தே உள்ள சிற்றறையைப் பாருங்கள். தன் துணைவன் பாஞ்சிகனோடு ஹாரீதி அமர்ந்திருக்கிறாள். மேற்பகுதியில் அவள் சீறி எழும் காட்சியும் பணியும் காட்சியும் உள்ளன. அடியில் பிரம்பு ஏந்திய ஆசிரியர்முன் பிள்ளைகள் பாடம் படிக்கின்றனர். பிள்ளைகளைத் தின்றவளின் காலடியில் ஒரு பள்ளிக்கூடம்!

மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். வடமொழியின் 'தம்' என்னும் வேரும் ஆங்கிலத்தின் 'டேம்' என்னும் சொல்லும் ஒரே மூலத்தவை. இரண்டிலும் மேலோங்கி நிற்பது அடக்குதலே. தமிழில் நமக்கு இரு சொற்கள் உள்ளன. 'அடங்கு' என்பதன் பிறவினை 'அடக்கு'. அதிலிருந்து வரும் 'அடக்கம்' பணிவையும் குறிக்கும், பிணத்தைப் புதைப்பதையும் குறிக்கும். 'பழகு' என்பதன் பிறவினை 'பழக்கு'. பழகுதல் ஒருவரால் தனித்து இயல்வதன்று. பழக்குபவரும் பழகியாக வேண்டும். விளையாட்டு வீரர் அடக்குகிறார். மடாலயமோ பழக்கியது, அதற்காக நாள்தோறும் தன் உணவில் ஒரு பங்கைக் கொடுத்தது.

இதைப் பொற்காலக் கதையாக நான் முன்வைக்கவில்லை. எழுதியவர்கள் பழக்கியவர்களே, ஹாரீதி எழுதிய நூல் ஏதுமில்லை. அவளுக்குக் கிடைத்ததும் கருவறையன்று, அதன் பக்கத்து அறையே. ஆயினும் அவளை வென்றவர்களின் நூலே அவளது முற்பிறப்புத் துயரை மறைக்காமல் எழுதிவைத்தது. அவள் கேட்ட கேள்வியையும் காத்துவைத்தது. அடுத்த முறை திரையில் ஒரு கொடிய உயிரைப் பணியவைக்கும்போது இரண்டை மட்டும் எண்ணிப்பாருங்கள்: அதன் பசியை உண்டாக்கியவர் யார்? நாளை அதற்குச் சோறிடப்போவது யார்?